நேரலை நின்றுபோன மத்தியானம்

அரபு அமீரகத்தில், புஜைராவில் எங்கள் கொம்பனிக் கான்ரீனில் பெரிய ரீவி ஒன்று இருக்கிறது. கிரிக்கெட் காலம் தொடங்கியதும் அறைக்கு அறை காசு சேர்த்து விளையாட்டுச் சனல்களைத் திறந்துவிடுவார்கள். நான் அதில் சேருவதில்லை. நான் பார்க்க விரும்பும் ஆட்டம் எவ்வளவு காசு கட்டினாலும் எந்தச் சனலிலும் வராது. வடமராட்சியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் பெண்பிள்ளைகள் ஆடும் பேஸ்போல் அது. அந்த அணிக்குப் பந்தெறிகிறவள் என் மகள்.

அந்த ஆட்டங்களை எனக்குக் காட்டித் தருகிறவர் விளையாட்டு ரீச்சரின் கணவர். அவர் ஓட்டோ ஓடுகிறவர். ஆட்டம் இருக்கிற நாளில் ஓட்டத்தை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். அடிக்கிற பிள்ளைக்குப் பின்னால் பந்து போகாமல் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். வலைக்கு வெளியே ஒரு தடியை நட்டு, அதில் தன் போனைக் கட்டி நேரலை விடுவார். படத்தின் குறுக்கே எப்போதும் வலைக்கண்கள் தெரியும். காற்று ஊதுகிற சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல் கேட்கும். "விடாதை பிள்ளை, விடாதை!" அதுதான் அவருடைய வர்ணனை முழுவதும். கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் நித்திரை முழித்தும் லண்டனில் இருப்பவர்கள் வேலைக்கு நடுவிலும் இதைப் பார்ப்பார்கள். நான் கான்ரீனுக்குப் பின்பக்கம், சிக்னல் நன்றாக வருகிற ஒரு சுவரோரத்தில் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அடித்துவிட்டு ஓடுகிறார்கள், சிலநேரம் அடிக்காமலே நடந்து போகிறார்கள். மகள்தான் குரல் அனுப்பி அனுப்பிப் படிப்பித்தாள். "அப்பா, நான் எறியிறதை மூண்டு தரம் அடிக்காமல் விட்டா அவ அவுட். நான் நாலு தரம் பிழையா எறிஞ்சா அவ சும்மா நடந்து போவா. அதுதான் எனக்கு வெக்கம்." மெல்ல மெல்லப் பிடிபட்டது. அவள் தோளை ஒருக்கால் சிலுப்பிவிட்டு எறிந்தால் அது வேகமான பந்து என்று கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பயம் பிறகுதான் வந்தது. ஒருமுறை லீவில் போய் நின்றபோது வீட்டு வளவில் தனக்குப் பந்து பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டாள். ரெனிஸ் பந்து போல ஏதோ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையில் வாங்கியபோது கல் மாதிரி இருந்தது. வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல், உள்ளே கொஞ்சமும் அமுங்காத கனம்.

"கையுறையைப் போடுங்கோ அப்பா" என்றாள்.

போட்டுக்கொண்டுதான் பிடித்தேன். முதல் பந்திலேயே உள்ளங்கை விறைத்துவிட்டது. கையை உதறிக்கொண்டு கேட்டேன்:

"பின்னால குந்திப் பந்து பிடிக்கிற பிள்ளைக்கு முகத்தில கூடு இருக்கு. அடிக்கிற பிள்ளைக்குத் தலைக்கவசம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

"எனக்கு ஒண்டும் இல்லை."

"ஏன் இல்லை?"

"பந்தெறியிற ஆள் அப்பிடித்தான் அப்பா நிக்கிறது."

மனைவி கிணற்றடியில் நின்று சிரித்தாள். "நீங்கள் அங்க நிண்டு பயப்பிடுங்கோ. அவள் இஞ்ச நிண்டு விளையாடட்டும்."

திரும்பி வந்த பிறகு நான் நேரலை பார்க்கும் விதமே மாறிவிட்டது. பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். போன் திரையில் பெருவிரல் நகத்தளவு தெரியும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறை மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கும்போதும் சோற்றுக்குப் போன கை அப்படியே நிற்கும். அவள் இன்னும் நிற்கிறாள் என்று கண்ட பிறகுதான் அடுத்த வாய் சோறு இறங்கும்.

என் வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில், எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும் வளாகத்தில். கப்பலில் இருந்து எண்ணெய் இறக்க முன்னும் பின்னும் தாங்கியின் மேலே ஏறி, மூடியைத் திறந்து, அளவு நாடாவை உள்ளே விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் இரண்டு பேராகத்தான் ஏறுவோம். உள்வாசலுக்கு அப்பால் போன் கொண்டுபோக முடியாது. ஒரு சின்னப் பொறி போதும், எல்லாம் போய்விடும். காவல் அறையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் போனைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போனால், டியூட்டி முடிந்து வெளியே வரும்போதுதான் அது திரும்பக் கைக்கு வரும்.

என்னோடு ஏறுகிறவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். என்னைவிட இளையவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சூப்பர்வைசர் பாகிஸ்தான்காரர். தாடிக்கு மருதாணி பூசுகிறவர், பெரிய தொண்டை, நல்ல மனிதர். ராமநாதபுரத்துக்காரர் அவரோடு ஹிந்தியில் பகிடி விடும் அளவுக்குத் தேறியவர். எனக்கு அத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஹிந்தி, வேலைக்குத் தேவையான சொற்களைத் தாண்டவில்லை.

அன்று மாகாண மட்டத்து அரையிறுதி. முதல் நாளே மகள் குரல் அனுப்பியிருந்தாள். "நாளைக்குக் கட்டாயம் பாருங்கோ அப்பா. இதில வெண்டா இறுதியாட்டம்." அங்கே மத்தியானம் தாண்டித் தொடங்கிய ஆட்டம் எங்களுடைய சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தது. வேறு ஊரின் மைதானம். அங்கேயும் ரீச்சரின் கணவர் வலையோடும் தடியோடும் போயிருந்தார். மனைவி முதல் முறையாக ஆட்டம் பார்க்கப் போயிருந்தாள். பிள்ளைகளோடு பஸ்ஸில் போகிறேன் என்று காலையில் சொன்னவள்.

மகள் நன்றாக எறிந்தாள். இரண்டு பேர் அடுத்தடுத்து அடிக்காமல் அவுட்டாகிப் போனார்கள். மூன்றாவதாக வந்த பிள்ளை நெட்டை. மட்டையைத் தோளுக்கு மேலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சமும் அசையாமல் நின்றது. மகள் தோளைச் சிலுப்பினாள். எறிந்தாள். மட்டைச் சத்தம் கேட்டது. பந்தை நான் காணவில்லை. மகள் இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோனதைத்தான் கண்டேன். பிறகு அவள் முழங்காலில் விழுந்து, பக்கவாட்டில் சரிந்தாள்.

பிள்ளைகள் ஓடினார்கள். அவளைச் சுற்றி முதுகுகள் மட்டும் தெரிந்தன. "ஐயோ!" என்று அந்த மனிதரின் குரல் மிகக் கிட்டத்தில் கேட்டது. உடனே படம் சுழன்று விழுந்தது. வானமும் வலையின் ஒரு மூலையும் தெரிந்தன. குரல்கள் மட்டும் வந்தன.

"தண்ணி, தண்ணி கொண்டு வாங்கோ."

"தலையைத் தூக்காதேங்கோ."

"ஓட்டோவை இஞ்சால விடுங்கோ!"

பிறகு ஒரு பெண்குரல், யாருடையது என்று தெரியவில்லை, "கடவுளே, ரத்தம்" என்றது. யாரோ போனை எடுத்தார்கள். ஒரு சட்டைத் துணி திரையை மூடியது. நேரலை நின்றுவிட்டது.

திரையின் கீழே ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். என்ன நடந்தது? பிள்ளை எழும்பிட்டாவோ? ஒருவர் "நல்ல அடி" என்று எழுதி, அதை அழித்தார். இன்னொருவர் எழுதினார்: "கண்ணில பட்ட மாதிரி இருந்தது." நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் எந்த நாட்டில் இருந்து எழுதினாரோ, எனக்குத் தெரியாது. அவர் கண்டதை நான் காணவில்லையே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

மனைவிக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் எடுத்தேன். ரீச்சரின் கணவருக்கு எடுத்தேன், அவரும் எடுக்கவில்லை. ரீச்சரின் இலக்கம் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்தால் அங்கே ஆட்கள் எல்லோரும் மைதானத்தில். மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டி கவிழ்ந்து கிடந்ததை அப்போதுதான் கண்டேன். சோற்றை அள்ளக் கை போகவில்லை.

இடைவேளை முடிந்து எல்லோரும் உள்வாசலுக்கு நடக்கத் தொடங்கினார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே கூடப் போனேன். வாசலில் சூப்பர்வைசர் நின்றார். அவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஹிந்தியில் சொற்கள் வரவில்லை. மகள் என்றால் 'பேட்டி' என்று தெரியும். அடிபட்டது என்பதற்கு என்ன சொல்வது?

"பாய், மேரி பேட்டி… பேஸ்போல்… மேட்ச்… பால் லகா…"

பந்து பட்டது என்று சொல்லத்தான் பார்த்தேன். அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். இடைவேளைக்கு இடைவேளை நான் சுவரோரத்தில் ஆட்டம் பார்ப்பது அவருக்குத் தெரியும். வாய்விட்டுச் சிரித்தார்.

"அரே பாய், மேட்ச் பாத் மே தேக்கோ! ஜஹாஸ் ஆ கயா. யல்லா, யல்லா!"

ஆட்டத்தைப் பிறகு பார், கப்பல் வந்துவிட்டது என்கிறார். தோளில் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, பின்னால் வந்தவர்களைக் கூப்பிடப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். காவலாளி இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பின்னால் வரிசை. கடைசியாக ஒருமுறை மனைவிக்கு எடுத்தேன். மணி அடித்தது. காவலாளி கையை நீட்டினான். மணி அடித்துக்கொண்டிருந்த போனை நிறுத்தி அவனிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. எத்தனையோ வருடம் பழகிப்போன கை, தானாகவே கொடுத்துவிட்டது.

உள்ளே நடந்தபோது ராமநாதபுரத்துக்காரர் பக்கத்தில் வந்தார். ஏதோ கதைத்தார். எனக்கு எதுவும் ஏறவில்லை. தாங்கியைச் சுற்றி வளைந்து போகும் இரும்புப் படிகளில் அவர் முன்னும் நான் பின்னுமாக ஏறினோம். வெயிலில் கைபிடி கையுறைக்கு மேலாலும் சுட்டது. அத்தனை வருடம் ஏறி இறங்கிய படி, அன்று ஒவ்வொன்றும் காலுக்குக் கீழே அசைவது போல இருந்தது. ஒரு பக்கம் மொட்டை மலைகள், மறுபக்கம் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள். நான் எதையும் பார்க்கவில்லை. 'கடவுளே, ரத்தம்' என்ற குரல் காதுக்குள் நின்றது. அந்தக் குரல் என் மனைவியுடையதோ என்று முதல் முறையாக ஒரு எண்ணம் எழுந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகிற மனிதனுக்கு, மனைவி அலறினால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. படியில் நின்றுவிட்டேன்.

"என்னண்ணே, மூச்சு வாங்குதா?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்று ஏறினேன்.

தாங்கியின் கூரையில் மூடியைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக நிற்க வேண்டும். உள்ளிருந்து வரும் நச்சு ஆவி முகத்துக்கு வரக்கூடாது. இந்த வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது அது. நான் எதிர்ப்பக்கம் போய்க் குந்தி மூடியைத் தூக்கினேன். நெஞ்சில் மாட்டியிருந்த வாயு மீற்றர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அது கத்துவது கேட்கிறது, ஆனால் எனக்காகக் கத்துகிறது என்று தோன்றவில்லை. என் கவரோல் உடுப்பின் கழுத்தைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். கூரையில் மல்லாந்து விழுந்தேன். ராமநாதபுரத்துக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைக் காலால் தள்ளி மூடிவிட்டு, என்னை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனார்.

"என்னண்ணே பண்றீங்க? சாகப் பாத்தீங்களேண்ணே!" என்னை எழுப்பி இருத்திவிட்டு முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு என்னாச்சு? மொகமே சரியில்ல. சொல்லுங்க."

சொன்னேன். தமிழில் சொல்ல வாய் திறந்ததும் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. பந்து, கை, ரத்தம், யாரும் போன் எடுக்காதது, சூப்பர்வைசர் சிரித்தது. எது முதல், எது பிறகு என்றில்லாமல் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது நடந்த காரியம் என்று உறைத்தது. கூரையில் இருந்தபடியே அழுதேன்.

அவர் ஒன்றும் தேற்றவில்லை. இடுப்பில் இருந்த வோக்கி டோக்கியை எடுத்தார். ஹிந்தியில் பேசினார், வேகமாக. 'பேட்டி' என்றது காதில் விழுந்தது. 'ஆங்க்' என்றதும் விழுந்தது. அது கண் என்று எனக்குத் தெரியும். வோக்கியில் மறுபக்கம் இருந்த சூப்பர்வைசர் உடனே என்னைக் கீழே கொண்டுவரச் சொன்னார்.

"எறங்குங்கண்ணே. ஒவ்வொரு படியா. எம் பெல்ட்டப் பிடிச்சுக்கங்க."

கீழே வந்தபோது சூப்பர்வைசர் பிக்கப்பில் வந்து நின்றார். கதவைத் திறந்து என்னை ஏற்றினார். காவல் அறையில் அவரே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். அப்போதுதான் கோபப்பட்டார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறார் என்று விளங்கியது. "போலா, பாய்" என்றேன். சொன்னேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு பிக்கப்பின் படியில் இருந்துவிட்டார்.

போனில் மனைவியின் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. கீழே ஒரு குரல் செய்தி. அதை அமர்த்திக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அமர்த்தாத வரைக்கும் மகள் உயிரோடு, இரண்டு கண்ணோடு இருக்கிறாள். அமர்த்தினால் என்ன ஆவாளோ. பெருவிரலைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அமர்த்தினேன்.

"இஞ்சேருங்கோ, நான்தான். எங்க நிக்கிறியள்? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டந்திட்டம். கண்ணடியில பட்டிட்டுது. கண்ணே தெரியேல்லை, அப்பிடி வீங்கிப் போச்சு. இஞ்ச பாக்கேலாதாம், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினம். அம்புலன்ஸ்…" அதோடு முடிந்துவிட்டது. குரலில் அழுகை இல்லை. அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் குரல்.

எடுத்தேன். இந்த முறை எடுத்தாள். அம்புலன்ஸுக்குள் இருந்து, சைரன் சத்தத்துக்குள்ளால்.

"உயிருக்கு ஒண்டுமில்லையப்பா. கதைக்கிறாள். உங்களைத்தான் கேக்கிறாள்."

"கண்?"

"வீக்கம் வத்தினால்தான் சொல்லலாமாம்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசமானவை. மைதானத்தில் நடந்தது ஒரு நொடி. இது இழுத்துக்கொண்டு போனது. கண்ணுக்குக் கீழே எலும்பு வெடித்திருக்கிறது என்று படம் எடுத்துச் சொன்னார்கள். வெட்டிச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம், வராமலும் விடலாம். கண்ணைத் திறந்து பார்க்கும் வரை டொக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது. நான் வேலைக்குப் போனேன், ஆனால் தாங்கியில் ஏற சூப்பர்வைசர் விடவில்லை. போன் வைத்திருக்கலாம் என்று, உள்வாசலுக்கு வெளியே குழாய்களுக்குப் பெயின்ற் அடிக்கும் இடத்தில் நிற்கவைத்தார். அவசர லீவுக்கு ஒஃபிஸுக்கு என்னோடு அவரே வந்தார். எனக்குப் பதிலாக அவரே சத்தம் போட்டார். லீவு கிடைத்தது, அடுத்த கிழமை விமானம்.

இரவில் கண்ணை மூடினால் அந்த நெட்டைப் பிள்ளை அசையாமல் நின்றது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதுவும் ஆஸ்பத்திரி வாசலில் தாயோடு வந்து நின்று அழுதது என்று மனைவி சொன்னாள். அறையில் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடந்து பார்த்தேன். கட்டிலின் காலில் இடித்துக்கொண்டேன். பிறகு அப்படிச் செய்வதை நிறுத்தினேன்.

விமானத்துக்கு முதல், ஒருநாள் மத்தியானம், இந்த நாட்டில் காசு கட்டித்தான் எடுக்க முடிகிற வீடியோ அழைப்பில் மனைவி வந்தாள். "கட்டைப் பிரிச்சாச்சு. கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பினாள். மகளின் முகத்தில் பாதி நாவல்பழ நிறமாக இருந்தது. கீறலாகத் திறந்திருந்த கண்ணுக்குள் வெள்ளை முழுவதும் சிவப்பு. எனக்குத் திரையை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

தெரிகிறதா என்று பார்க்கத் தாய் அவளுடைய நல்ல கண்ணைக் கையால் மறைத்தாள். மகள் அடிபட்ட கண்ணால் மட்டும் திரையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இதென்ன தாடி? சவரம் செய்யிறேல்லையோ?"

நான் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். நாட்கணக்கில் வளர்ந்து கிடந்தது. பெயின்ற் வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு சத்தமாக அழுதேன். என்னோடு பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த வங்காளத்துக்காரர்கள் தூரிகையை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

வெட்ட வேண்டி வரவில்லை. நான் ஊருக்குப் போனபோது வீக்கம் இறங்கியிருந்தது. மேலே பார்த்தால் மட்டும் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றாள். போகப் போக மாறும் என்றார் டொக்டர். மாறியது. நின்ற நாட்களில் நான் அவளுக்குப் பின்னாலேயே திரிந்தேன். கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு, படலைக்குப் போனால் படலைக்கு.

திரும்பிப் போக முதல் நாள் பின்னேரம் கேட்டாள்: "அப்பா, அடுத்த வருசம் எறியட்டோ?"

"வேண்டாம்."

"டொக்டர் ஓம் எண்டவர்."

"டொக்டர் படத்தைத்தான் பாத்தவர். நான் நீ விழுந்ததைப் பாத்தனான்."

அவள் முகம் சுருங்கிப் போனது. மனைவி உள்ளிருந்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை. "நானும் பாத்தனான்" என்றாள். "உங்களை விடக் கிட்ட நிண்டு பாத்தனான். ஓட்டோவில மடியில வைச்சுக் கொண்டு போனதும் நான்தான். இவள் அதுக்குள்ளயும் என்ன கேட்டவள் தெரியுமோ? அடிச்ச பிள்ளை ஓடி முடிச்சிட்டாவோ எண்டு."

முகத்துக்குக் கவசம் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்றேன். அப்படி ஒரு கவசம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்து, ராமநாதபுரத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு பர் துபாயில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் கிரிக்கெட் சாமான்தான். "அண்ணே, இந்த ஹெல்மெட்டையே போட்டுக்கிட்டா என்ன?" என்று அவர் ஒன்றைத் தன் தலையில் மாட்டிக் காட்டினார். மாட்டிக்கொண்டு பந்தெறிய முடியாது. வேறொரு கடையில், பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி உள்ளே போய்த் தேடி, நெற்றியிலிருந்து நாடி வரை மூடும் கம்பிக் கவசம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வருட முதல் ஆட்டத்தன்று நான் கான்ரீனுக்குப் பின்னால் போனேன். நேரலை தொடங்கியது. வலைக்கு அப்பால் மகள் கவசத்தோடு நடந்து வந்து நின்றாள். முதல் பந்துக்குத் தோளைச் சிலுப்பினாள். என்னால் முடியவில்லை. போனைப் பக்கத்தில் இருந்த ராமநாதபுரத்துக்காரரின் கையில் கொடுத்துவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீர் பாத்துச் சொல்லும்."

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாதேண்ணே!"

"அவள் நிக்கிறாளோ எண்டு மட்டும் சொல்லும்."

அவர் சொன்னார். "நிக்கிறா… பவுலிங் போடுறா… அந்தப் புள்ள அடிக்கல… நிக்கிறா… இப்ப அடிச்சிருச்சு, பந்து சைடுல போயிருச்சு… நிக்கிறா… ஒரு புள்ள மட்டையக் கீழ போட்டுட்டு ஓடுது, ஏண்ணே மட்டையப் போட்டுட்டு ஓடுது? ரன் அவுட் ஆயிராதா?" ஒவ்வொரு மட்டைச் சத்தத்துக்கும் நான் கண்ணை இறுக்கினேன். அவர் "நிக்கிறா" என்று சொல்லும் வரை மூச்சு விடவில்லை.

பின்னேரம் மகள் அழைத்தாள்.

"அப்பா, பாத்தனீங்களோ?"

"இல்லை, பிள்ளை. பயத்தில பாக்கேல்லை. கூட வேலை செய்யிறவர் பாத்துச் சொன்னவர்."

"அவருக்குப் பேஸ்போல் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப என்ன சொன்னவர்?"

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே ராமநாதபுரத்துப் பேச்சில் சொல்லிக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். தாயைக் கூப்பிட்டு இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள் என்று அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டேன். வரும் கிழமை, என்றாள்.